ஷ்ராம் (1993): சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளைக் காதலித்தவன்

ஜெர்மன் இயக்குநர் யோர்க் புட்கெரைட்டின் 'ஷ்ராம்' பட ப்ளூ-ரேயை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் அட்டையை நம்பி வாங்க வேண்டாம். 'ஒரு தொடர் கொலைகாரனின் மனதுக்குள்' என்ற துணைத்தலைப்போடுதான் ஆங்கிலத்தில் இதை விற்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ரத்தக்களறியை எதிர்பார்த்து உட்காருபவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள், இல்லையென்றால் 'இதில் ஒன்றுமே நடக்கவில்லையே' என்று அலுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள். கொலை இருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் காட்சிகளும் இருக்கின்றன. ஆனால் 65 நிமிடம் ஓடி முடிந்தபின் மனதைவிட்டுப் போக மறுப்பது வேறொன்று. பக்கத்து வீட்டுக்காரியிடம் மனதில் இருப்பதைச் சொல்ல வாய் வராத ஒருவன், அவள் வீட்டுச் சத்தத்தைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு தன் அறையில் தனியாகக் கிடக்கும் அந்தக் கோலம்.

லோத்தார் ஷ்ராம் பெர்லினில் டாக்ஸி ஓட்டுபவன். குடும்பம், நண்பர்கள் என்று யாரும் கண்ணில் படுவதில்லை. படம் தொடங்கும்போதே அவன் செத்துக்கொண்டிருக்கிறான். கதவில் தெறித்த ரத்தக்கறையை மறைக்க வெள்ளை பெயின்ட் அடிக்கிறான், ஏணியிலிருந்து விழுகிறான், தரையில் பெயின்டும் அவன் ரத்தமும் கலந்து பரவுகிறது. 'லிப்ஸ்டிக் கொலைகாரன்' தனியாகச் செத்துக்கிடந்தான் என்று பத்திரிகைச் செய்தியும் வந்துவிடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபப்படாதீர்கள், படமே இதை முதலில் காட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறது. மீதி எல்லாம் அந்தச் சாகும் மூளைக்குள் வந்துபோகும் கடைசி நாட்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது, எது நடக்கவே இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அவன் ஏணியிலிருந்து விழுவது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கத்தில் கார்ல் பான்ஸ்ராம் என்ற நிஜ அமெரிக்கக் கொலைகாரனின் ஒரு வாசகத்தைப் போடுகிறார்கள். இன்று அழுக்காக இருக்கிறேன், நாளை வெறும் மண்ணாகிவிடுவேன் என்கிற பொருளில் வரும் வரி அது. அதன்பின் வரும் ஒரு ஷாட்டில்கூட அந்த மண்வாடை போகவில்லை.

பக்கத்து வீட்டில் மரியான். பாலியல் தொழிலாளி, வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வந்து போவார்கள். சுவர் மெல்லிசு, எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். லோத்தாரை அவள் நல்ல மனிதன் என்று நம்புகிறாள். பேசுகிறாள், சேர்ந்து சாப்பிடப் போகிறாள். நகருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டில் வசதியான கிழவர்கள் சிலர் கூப்பிடுகிறார்கள், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வந்து காரில் காத்திருக்க முடியுமா என்று அவனிடம்தான் கேட்கிறாள். ஊரே தேடும் கொலைகாரனைத்தான் ஒரு பெண் தன் பாதுகாப்புக்கு நம்புகிறாள் என்பதைப் படம் எந்த அடிக்கோடும் போடாமல் அப்படியே விட்டுவிடுகிறது. இந்த அடக்கம்தான் புட்கெரைட்டின் பெரிய பலம் என்பேன், பலரும் இதைக் கவனிக்காமல் ரத்தத்தை மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சேர்ந்து சாப்பிடும் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவன் குளித்து, உடுத்தி, ஒழுங்காக வந்து உட்கார்ந்திருக்கிறான். அவள் தன் வேலையைப் பற்றி, அந்தக் கிழவர்களைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுகிறாள். அவன் கேட்டுக்கொள்கிறான், தலையாட்டுகிறான், அளவாகச் சிரிக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் முதல் சந்திப்பில் கூச்சப்படும் ஒரு மனிதன், அவ்வளவுதான். அவன் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்கு அங்கே இடமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, எதிரே காது கொடுத்துக் கேட்கும் ஆளும் இருக்கிறாள். சொல்வதில்லை. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, குடிக்கும் பானத்தில் மருந்து கலந்து கொடுத்து, அவள் மயங்கியதும் அவளைப் புகைப்படம் எடுக்கிறான். விழித்திருப்பவளிடம் வராத துணிவு, மயங்கிக் கிடப்பவளிடம் வருகிறது. விழித்தபின் அவளுக்கு ஒன்றும் தெரியாது. எதுவும் நடக்காதது போலப் பேசிவிட்டு எழுந்து போகிறாள்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பயங்கரமான காட்சி இதுதான். இதில் ரத்தமே இல்லை.

ஏனென்றால் புட்கெரைட் எடுத்த நான்கு முக்கியப் படங்களின் சாரமும் இங்கே வந்து நிற்கிறது. அவருடைய ஆட்கள் எல்லோரும் பதில் பேச முடியாதவர்களைத்தான் காதலிக்கிறார்கள். 1987-இல் எடுத்த 'நெக்ரோமான்டிக்' படத்தில் ராப் என்பவன் விபத்தில் இறந்தவர்களின் உடல்களை அப்புறப்படுத்தும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். ஒரு பிணத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறான், அவனும் அவன் காதலி பெட்டியும் அதோடு குடும்பம் நடத்துகிறார்கள். கேட்கவே கூசுகிறது, தெரியும். ஆனால் கதை திரும்பும் இடத்தைப் பாருங்கள். ராபுக்கு வேலை போய்விடுகிறது. பெட்டி ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, பிணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். வேலை இல்லாத ஆணைவிட பிணம் மேல் என்று அவள் முடிவு செய்த அந்த மாலையில், கடிதத்தோடு தனியாக நிற்கும் ராபின் முகத்தைப் பார்த்தால், இது பிணத்தைப் பற்றிய படமே இல்லை என்று புரிந்துவிடும். எந்தக் காதல் முறிவிலும் இருக்கும் அதே முகம். அதற்குப் பிறகு அவன் ஒரு சினிமா தியேட்டருக்குப் போய் ஏதோ ஒரு கொலைப் படத்தைப் பார்க்கிறான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் திரையில் நடக்கும் கொடூரத்தை அசட்டையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மைத்தான் காட்டுகிறார்.

1991-இல் வந்த 'நெக்ரோமான்டிக் 2' என் கணக்கில் இதைவிட நல்ல படம், 'ஷ்ராம்' படத்துக்கு நேர் அக்காவும் அதுதான். இதில் பிணத்தைக் காதலிப்பவள் ஒரு பெண், மோனிகா, நர்ஸ். அவளுக்கு உயிரோடு ஒரு காதலனும் கிடைக்கிறான், மார்க். ஆபாசப் படங்களுக்கு டப்பிங் குரல் கொடுக்கும் தொழில் அவனுக்கு. மார்க்காக நடித்த மார்க் ரீடர் மான்செஸ்டரிலிருந்து மேற்கு பெர்லினுக்கு வந்து தங்கிய இசைக்காரர், அந்த நகரத்தின் நிலத்தடி இசையுலகில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். மோனிகாவும் மார்க்கும் சேர்ந்து ஊர் சுற்றுகிறார்கள், விலங்குக் காட்சிசாலைக்குப் போகிறார்கள், படம் பார்க்கிறார்கள். அவள் நிஜமாகவே முயல்கிறாள். உயிருள்ள மனிதனோடு வாழ்ந்துவிடலாம் என்று மனப்பூர்வமாக முயன்று பார்க்கிறாள், ஆனால் அவன் நகர்கிறான், பேசுகிறான், கேள்வி கேட்கிறான், அவனுக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது. அது அவளுக்கு ஒத்துவரவில்லை. 'ஷ்ராம்' படத்தில் மயங்கிக் கிடக்கும் மரியானாக நடித்திருப்பதும், இதில் மோனிகாவாக நடித்த அதே மோனிகா எம். தான். ஒரு படத்தில் அசையாத உடலைத் தேடுபவள், அடுத்த படத்தில் தானே அசையாத உடலாகிக் கிடக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அடிவயிற்றில் ஏதோ செய்யும்.

ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே தனியாக நிறுத்திய மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் நம் சினிமாவில் ஒருதலைக் காதலனுக்குப் பாட்டு உண்டு, பின்னால் சுற்றும் உரிமை உண்டு, கடைசியில் பார்ப்பவர்களின் கண்ணீரும் அவனுக்குத்தான். அவள் வேண்டாம் என்று சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. புட்கெரைட் அந்தக் கண்ணீரை லோத்தாருக்குக் கொடுக்க மறுக்கிறார். அவனுடைய தனிமை நமக்குத் தெரிகிறது, நெருக்கத்தில் தெரிகிறது, அவன் அறையின் வாடையே மூக்கில் ஏறுகிற அளவுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தத் தனிமை எதற்கும் மன்னிப்பாக மாறுவதில்லை. பாவம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவன் செய்தது ஒன்று முன்னால் வந்து நிற்கும். மதப் பிரசாரம் செய்யக் கதவைத் தட்டும் ஒரு ஜோடியை உள்ளே அழைத்து, குடிக்கக் கொடுத்து உபசரித்து, பிறகு கொல்கிறானே, அந்தக் காட்சியின் இடம் அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. கொன்றபின் அவர்களை அலங்கரித்துப் புகைப்படம் எடுக்கிறான். அவன் வீட்டுக்குத் தானாக வந்த விருந்தாளிகள் அவர்கள் மட்டும்தானோ என்று தோன்றும்.

நெருக்கத்தில் தெரிகிறது என்றேன், அது எப்படி என்று சொல்ல வேண்டும். லோத்தாரிடம் ரப்பரில் செய்த ஒரு பெண்ணுடல் பொம்மை இருக்கிறது, முண்டம் மட்டும். அதைப் பயன்படுத்திவிட்டுக் கொண்டுபோய்க் கழுவுகிறான். படம் அதைக் கிளுகிளுப்பாகவும் காட்டுவதில்லை, கேலியாகவும் காட்டுவதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதுபோல, தினசரி வேலை ஒன்றை முடிக்கும் முகத்தோடு கழுவுகிறான். தண்ணீர் ஓடும் சத்தம், ரப்பரின் மேல் கை வழுக்கும் சத்தம். ஒரு மனிதன் எவ்வளவு காலமாகத் தனியாக இருக்கிறான் என்பதை வசனத்தில் சொல்ல வேண்டியதே இல்லை, அந்தக் கழுவலில் இருக்கும் பழக்கமே சொல்லிவிடுகிறது. தீவிர சினிமா என்று சொல்லிக்கொள்ளும் பல படங்கள் அதிர்ச்சியோடு நின்றுவிடும். இங்கே அதிர்ச்சி அடங்கியபின்னும் கேமரா இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன செய்கிறான் என்று பொறுமையாகப் பார்க்கிறது.

கேமரா மான்ஃப்ரெட் யெலின்ஸ்கி. படத்தைத் தயாரித்ததும் அவரே. 'நெக்ரோமான்டிக்' சூப்பர் 8 என்ற சின்ன அமெச்சூர் பிலிமில் எடுத்த படம், 'ஷ்ராம்' 16 மில்லிமீட்டர் பிலிமில். பெரிய ஸ்டூடியோ பணம் எதுவும் இல்லை, சின்னக் குழு, தெரிந்த முகங்கள், நிஜ வீடுகள். ஆனால் பணமில்லாத படம் என்று சலுகை கொடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அறைக்குள் கேமரா சுற்றும்போது தரையும் கூரையும் இடம் மாறி, விழுந்து கிடப்பவனின் தலைச்சுற்றல் நமக்கு வந்துவிடும். ஷாட்களை வெட்டி ஒட்டிய விதம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது: ஒரு காட்சியின் நடுவில் முந்தைய காட்சி ஒரு கணம் வந்துபோகும், அது நினைவா கற்பனையா என்று யோசிப்பதற்குள் போய்விடும். திரைக்கதையை புட்கெரைட்டோடு சேர்ந்து எழுதியவர் ஃப்ரான்ஸ் ரோடன்கிர்ஷன். சாகும் நேரத்தில் ஒருவன் வாழ்க்கை கண்முன் ஓடும் என்பார்கள், லோத்தாருக்கு ஓட வாழ்க்கையே அவ்வளவாக இல்லை என்பதுதான் இவர்கள் இருவரும் கண்டுபிடித்த விஷயம். அதனால்தான் படம் 65 நிமிடத்தோடு முடிகிறது, ஒரு நிமிடம்கூட நீட்டவில்லை. இசை மாக்ஸ் முல்லரும் குண்டுலா ஷ்மிட்ஸும். அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், பயமுறுத்த முயலாத இசை, அதனாலேயே பயமாக இருக்கிறது.

லோத்தாராக நடித்தவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை முடிக்க முடியாது. ஃப்ளோரியான் கோர்னர் ஃபான் குஸ்டோர்ஃப் தொழில்முறை நடிகர் இல்லை, 'முட்டர்' என்ற பெர்லின் இசைக்குழுவின் டிரம்மர். அந்தக் குழுவின் பாடகர்தான் மேலே சொன்ன மாக்ஸ் முல்லர். சைக்கோ பாத்திரம் என்றதும் நடிகர்கள் கண்ணை உருட்டுவார்கள், தலையைச் சாய்த்துச் சிரிப்பார்கள். இவர் ஒன்றுமே செய்வதில்லை. தோள் கொஞ்சம் கூனியிருக்கும், குரல் எழும்பாது, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நிற்பார். டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனால் இறங்கியபின் முகம் நினைவிருக்காது, அப்படி ஒரு ஆள். மனிதர் பிறகு என்ன ஆனார் தெரியுமா? மிஷாயேல் வேபர் என்பவரோடு சேர்ந்து தயாரிப்பாளரானார், நிறுவனத்தின் பெயரும் ஷ்ராம் ஃபிலிம்தான். கிறிஸ்டியன் பெட்சோல்டின் 'பார்பரா', 'ஃபீனிக்ஸ்', 'டிரான்ஸிட்', 'உண்டினெ' எல்லாம் அங்கிருந்து வந்தவை. 'பார்பரா' 2012-இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிக் கரடியை வாங்கியது. உலக விழாக்களில் மரியாதையோடு பார்க்கப்படும் ஜெர்மன் சினிமாவும், போலீஸ் பறிமுதல் செய்த ஜெர்மன் சினிமாவும் ஒரே வட்டத்து மனிதர்களின் கையிலிருந்து வந்தவை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

போலீஸ் பறிமுதல் என்பது அலங்காரத்துக்குச் சொன்னது இல்லை. 1991 ஜூனில், 'நெக்ரோமான்டிக் 2' வெளியான சில நாட்களிலேயே, மியூனிக்கில் வெர்க்ஷ்டாட்கினோ என்ற சின்னத் திரையரங்கில் போலீஸ் புகுந்து பிரதியை எடுத்துக்கொண்டு போனது. வன்முறையைப் போற்றுகிறது என்பது குற்றச்சாட்டு, ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு. யெலின்ஸ்கியின் இடத்திலும் நெகட்டிவைத் தேடிச் சோதனை நடந்தது. நெகட்டிவ் போனால் படமே போனது மாதிரிதான், மறுபடி எடுக்கவா முடியும்? வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1993-இல் க்னுட் ஹிக்கெதியர் என்ற ஊடகவியல் பேராசிரியர் இது கலைதான் என்று நிபுணர் கருத்து எழுதிக் கொடுத்தபின்தான் படம் தப்பியது. 'ஷ்ராம்' வந்ததும் அதே 1993-இல். தலைக்கு மேல் வழக்கு தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் அடுத்து என்ன எடுப்பார்? பாதுகாப்பாக ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கலாம். இவர் இன்னும் உள்ளே போய், இன்னும் மெதுவாக, இன்னும் சோகமாக ஒன்றை எடுத்திருக்கிறார். அந்தப் பிடிவாதத்துக்கு என் மரியாதை முழுவதும் உண்டு. இதற்குப் பிறகு வெகுகாலம் அவர் இதுபோன்ற முழுநீளப் படம் எடுக்கவில்லை, வானொலி நாடகம், மேடை நாடகம் என்று போய்விட்டார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இருக்கின்றன, சின்னவை இல்லை.

லோத்தார் தன் உடம்பிலேயே ஆணி அடித்துக்கொள்ளும் ஒரு காட்சி இருக்கிறது. இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான், அதுவே அந்தக் காட்சியின் பிரச்சினை. தன் ஆசையைத் தானே தண்டிக்கிறான் என்ற அர்த்தம் புரியாமல் இல்லை. ஆனால் அது வரும் இடத்தில் படத்தின் அமைதி உடைந்து, ஒரு சாகசத்தைப் பார்க்கும் மனநிலைக்கு நாம் போய்விடுகிறோம். கனவுக் காட்சிகளிலும் எல்லாம் தேறவில்லை. காலை இழந்துவிட்டதாக அவனுக்கு வரும் பிரமை நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அவன் ஓடுவதை வேறு இடத்தில் காட்டியிருக்கிறார்கள், ஓட்டம் மட்டும்தான் அவன் உடம்போடு சமாதானமாக இருக்கும் நேரம். பெண்ணுறுப்பைப் பல் முளைத்த ஜந்துவாகக் காட்டும் கனவு அப்படி இல்லை. பெண்ணைக் கண்டு அஞ்சுகிறான் என்பதை நாம் சாப்பாட்டு மேசைக் காட்சியிலேயே புரிந்துகொண்டுவிட்டோம், மறுபடி ரப்பர் ஜந்து செய்து காட்ட வேண்டியதில்லை.

பெரிய குறை மரியான். மோனிகா எம். அவளுக்கு ஒரு இயல்பான அலுப்பையும் நட்பையும் கொடுத்திருக்கிறார், அவள் திரையில் இருக்கும்போதெல்லாம் படத்துக்குள் காற்று வருகிறது. ஆனால் அவளை நாம் லோத்தார் பார்க்கும் அளவுக்குத்தான் பார்க்கிறோம். சாகும் மூளைக்குள் நடக்கும் கதை, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று வாதாடலாம். நானும் அந்த வாதத்தைப் பாதி ஏற்கிறேன். ஆனால் அவன் செத்தபின்னும் படம் கொஞ்சம் ஓடுகிறதே, அந்தக் கடைசிப் பகுதி முழுக்க அவளுடையது. கதவைத் தட்டுகிறாள், பதில் இல்லை, காத்திருக்க ஆளில்லாமல் அந்தப் பெரிய வீட்டுக்குத் தனியாகப் போகிறாள். போன இடத்தில் அவள் நிலைமையைக் காட்டும் கடைசிக் காட்சி நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துவிடுகிறது. கொலைகாரன் ஒழிந்தான் என்று மூச்சு விடவே முடியவில்லை, அவன் உயிரோடு இருந்திருந்தால் இவள் தப்பியிருப்பாளோ என்ற அசிங்கமான கேள்வியை புட்கெரைட் நம் வாயில் திணித்துவிடுகிறார். கெட்டிக்காரத்தனமான முடிவு. இருந்தாலும் அங்கேயும் அவளுக்குப் பேச்சு இல்லை, அவளும் பதில் சொல்ல முடியாத உடலாகத்தான் படத்தை முடித்துவைக்கிறாள். இயக்குநர் தன் நாயகனின் நோயை அடையாளம் கண்டவர், அந்தக் கடைசி இரண்டு நிமிடத்திலாவது அவளைப் பேசவிட்டிருக்கலாம் என்பது என் தீராத ஆதங்கம்.

டிஸ்க்கைப் பற்றி. அமெரிக்காவில் கல்ட் எபிக்ஸ் வெளியிட்ட ப்ளூ-ரே, 16 மில்லிமீட்டர் மூல நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி. பளிச்சென்று துடைத்து வைத்த படத்தை எதிர்பார்க்காதீர்கள். பிலிமின் மணல் மணலான துகள் அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இருட்டான காட்சிகளில் பழைய வீடியோ பிரதிகள் வெறும் கறுப்பாகக் காட்டிய மூலைகளில் இப்போது அறை தெரிகிறது, சுவரின் நிறம் தெரிகிறது, அந்த வெள்ளை பெயின்டுக்கு அடியில் ரத்தம் லேசாகத் தலைகாட்டுவது தெரிகிறது. இந்த ஒன்றுக்காகவே நல்ல பிரதியில் பார்க்கச் சொல்வேன். வசனம் ஜெர்மன், ஆங்கில சப்டைட்டில் உண்டு. வசனம் மிகவும் குறைவு என்பதால் சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய கஷ்டம் இல்லை. படம் ஓடும்போதே எடுத்தவர்கள் அதைப் பற்றிப் பேசும் கமெண்டரிகள் இரண்டு இருக்கின்றன: ஒன்று புட்கெரைட்டும் ரோடன்கிர்ஷனும், இன்னொன்று குஸ்டோர்ஃபும் மோனிகா எம்.மும். முதலில் நடிகர்கள் பேசுவதைக் கேளுங்கள். மயங்கிக் கிடந்தவளாக நடித்தவரும் அவளைப் புகைப்படம் எடுத்தவனாக நடித்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதே படம் கொடுத்த பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கும்.

யார் பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலியல் வன்முறையின் காயம் உள்ளவர்கள் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், மயக்கமருந்துக் காட்சி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். கதை ஒழுங்காக ஆரம்பித்து ஒழுங்காக முடிய வேண்டும் என்பவர்களுக்கு இது எரிச்சல் மூட்டும். யார் துணிச்சலானவர் என்று பந்தயம் கட்டி, கூட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் பார்ப்பதற்கு என்றால் வேறு நூறு படங்கள் இருக்கின்றன, இதை விட்டுவிடுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு வரிசை ஒன்று சொல்கிறேன். எல்லோரும் 'நெக்ரோமான்டிக்'-இல் தொடங்குவார்கள், பெயர் அப்படி. அது வேண்டாம். அதில் நிஜமாகவே ஒரு முயலை அறுக்கும் காட்சி வேறு இருக்கிறது, பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். முதலில் 'ஷ்ராம்', அப்புறம் 'நெக்ரோமான்டிக் 2', அதன்பின் விருப்பமிருந்தால் முதல் பாகம். 1990-இல் வந்த 'டெர் டோடெஸ்கிங்' தான் கடைசி. வாரத்தின் ஏழு நாட்கள், ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் மரணம், நடுநடுவே ஓர் உடல் கொஞ்சம் கொஞ்சமாக அழுகுவதைக் காட்டுகிறார்கள். அதில் வெள்ளிக்கிழமைப் பகுதி, நடுவயதுப் பெண் ஒருத்தி எதிர்வீட்டு இளம் ஜோடியை ஜன்னல் வழியாக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள், அவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பொறாமைப்படுவாள். அந்த ஜோடி கட்டிலில் இறந்து கிடப்பதை நாம் பார்க்கிறோம், அவள் பார்ப்பதில்லை. தனிமையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொன்ன சில நிமிடங்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் மனது சரியில்லாத நாட்களில், வீட்டில் யாரும் இல்லாத ராத்திரியில் அந்தப் படத்தைப் போடாதீர்கள். தற்கொலையைச் சுற்றியே சுழலும் படம் அது, திடமான மனநிலையில் இருப்பவர்களையே ஆட்டிவிடும். நல்ல நாளாகப் பார்த்து, பக்கத்தில் பேச ஒரு ஆளை வைத்துக்கொண்டு பாருங்கள், முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அந்த ஆளோடு எங்காவது வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.